நாற்றுத் தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொடுப்பது: எவ்வளவு நேரம், எதுவரை?

வைகைக்கரை மாடி (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். ஆடிப்பட்டத்துக்காக இந்த முறை தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளில் கோகோபீட் நிரப்பி விதைத்தேன். முளைப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விதைத்த பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தபோது, தக்காளித் தட்டின் ஒரு மூலையில் எட்டு நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. இலைகள் பச்சையாகவே இருந்தன. தண்டு மட்டும் கோகோபீட்டைத் தொடும் இடத்தில் வெந்துபோனதைப் போல நிறம் மாறி, நூல் அளவுக்கு இளைத்திருந்தது. மறுநாள் எட்டு இருபதாயிற்று.

அதுவரை காலையும் மாலையும் பூவாளியால் தெளித்து வந்தேன். எங்கள் தெருவில் நெடுநாளாகத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், மேலே தெளிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடும்படி சொன்னார். அதன்படி மிளகாய்த் தட்டை அகலமான பிளாஸ்டிக் தாம்பாளம் ஒன்றில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அன்று உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட வேண்டியிருந்ததால் தட்டை எடுக்காமலே போய்விட்டு, மறுநாள் மாலையில்தான் எடுத்தேன். மிளகாய் நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்கைந்து நாட்களில் விதையிலைகள் மஞ்சளாகி, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை: ஒன்றரை நாள் தண்ணீரிலேயே இருந்த அந்தத் தட்டில் ஏழெட்டுக் குழிகள் உள்ளே காய்ந்து கிடந்தன.

அடியிலிருந்து நீர் கொடுப்பது, நாற்றுகள் இப்படித் தண்டடி அழுகிச் சாயும் நாற்றழுகல் நோயை உண்மையிலேயே தடுக்குமா? தட்டை எவ்வளவு நேரம், எத்தனை ஆழத் தண்ணீரில் வைக்க வேண்டும்? தொட்டிச் செடிகளுக்கும் இதே முறையைத் தொடரலாமா? எங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் கருவியில் ஏறத்தாழ 1,000 காட்டுகிறது. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மீதமுள்ள நாற்றுகளையாவது காப்பாற்றிக்கொள்வேன்.


நிழல்வலை (ராயக்கோட்டை):

வணக்கம் அம்மா. ராயக்கோட்டைப் பக்கத்தில் நிழல்வலைக் குடில் அமைத்துக் காய்கறி நாற்று உற்பத்தி செய்கிறேன். முதலில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் நாற்றங்காலில் எல்லாத் தட்டுகளுக்கும் மேலிருந்துதான் தண்ணீர் தெளிக்கிறோம். ஆயிரக்கணக்கான தட்டுகளைத் தூக்கித் தண்ணீரில் வைத்து எடுக்க ஆள் கிடைக்காது. அப்படியிருந்தும் நாற்றழுகல் பரவாமல் இருப்பதற்குக் காரணம், தட்டுகளைத் தரையில் வைக்காமல் கம்பி மேடையில் வைத்து அடியிலும் காற்று ஓட விடுகிறோம், தெளிப்பைக் காலையில் முடித்துவிடுகிறோம், மாலையில் பெரும்பாலும் தண்ணீரே காட்டுவதில்லை. உங்கள் தக்காளித் தட்டைச் சாய்த்தது மாலைத் தெளிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரவு முழுவதும் தண்டின் அடியும் கோகோபீட்டின் மேற்பரப்பும் ஈரமாகவே இருந்தால், பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் மூன்று நான்கு தட்டுகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அடிநீர் முறை மிகவும் நல்லது. மேற்பரப்பு காய்ந்தும் வேர்ப்பகுதி ஈரமாகவும் இருப்பதால் தண்டு நனைவதில்லை, பச்சைப் பாசி படிவதில்லை, ஈரமான மேற்பரப்பைத் தேடி வந்து முட்டையிடும் சிறு கறுப்பு ஈக்களும் குறைகின்றன. துளசி, செவ்வந்தி போன்ற பொடி விதைகள் பூவாளியின் வேகத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் இது மருந்து அன்று. சாய்ந்த நாற்று எந்த முறையில் நீர் கொடுத்தாலும் எழுந்திருக்காது. இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. நோய் கண்ட தட்டையும் நல்ல தட்டையும் ஒரே தாம்பாளத்தில் வைத்தால், ஒரு மூலையில் இருந்த நோயை நீங்களே எல்லாக் குழிகளுக்கும் கொண்டு சேர்த்ததாக ஆகிவிடும். ஆகவே சாய்ந்த நாற்றுகளைக் குழியோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். தட்டுக்குத் தட்டு தண்ணீரை மாற்றுங்கள். நோய் வந்த தக்காளித் தட்டைக் கடைசியில் நனைத்து, மிஞ்சிய நீரை வேறு செடிக்கு ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். அந்தத் தட்டில் மீதமுள்ளவற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து வேர்ப்பகுதி நனைய ஒரு முறை ஊற்றுவது வழக்கம். இரசாயனம் வேண்டாம் என்றால் அடுத்த விதைப்பிலிருந்து, நோயை அடக்கும் நுண்ணுயிர்ப் பொடியை விதையில் கலந்து விதைக்கும் விதை நேர்த்தியைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது அளவு. உங்கள் வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை கடிகாரத்தைவிடக் கோகோபீட்டின் நிறத்தை நம்புங்கள். குழித்தட்டு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம் உடையது. அதற்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தட்டு மிதக்கும் அளவுக்கு ஊற்றக் கூடாது. காய்ந்த கோகோபீட் வெளிர் பழுப்பாக இருக்கும். அடியிலிருந்து நீர் ஏறி வரும்போது குழியின் ஓரத்தில் முதலில் ஒரு கருமை தெரியும், பிறகு அது நடுவுக்குப் பரவும். பெரும்பாலான குழிகளில் மேற்பரப்பு கருக்கத் தொடங்கியதும் தட்டை எடுத்துவிடுங்கள். சாதாரணமாகப் பத்து முதல் இருபது நிமிடங்களில் இது நடந்துவிடும். எடுத்த தட்டை உடனே தரையில் வைக்காமல், இரண்டு செங்கல்லின் மேல் சற்றுச் சாய்வாக வைத்துச் சொட்ட விடுங்கள். ஒன்றரை நாள் ஊறிய உங்கள் மிளகாய் நாற்று மஞ்சளானதற்குக் காரணம் வேருக்குக் காற்று கிடைக்காமல் போனதுதான். இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். வேர் அழுகவில்லை என்றால் அடுத்து வரும் இலை பச்சையாக வரும்.

முளைக்காத விதைக்கு இந்த முறை மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே அரை சென்டிமீட்டருக்குள் கிடக்கும் விதை, அடியில் ஈரம் இருந்தும் ஆடிக் காற்றில் காய்ந்துபோகும். முளைக்கும்வரை தட்டின் மேல் ஈரச் செய்தித்தாளோ வைக்கோலோ மூடி வைத்து, முளை தலை காட்டிய அன்றே மூடாக்கை எடுத்துவிட்டு, அதன்பின் அடிநீருக்கு மாறுங்கள்.


சட்டியும் திரியும் (கோயம்புத்தூர்):

மேலே எழுதிய நண்பர் செய்முறையை நன்றாகச் சொல்லிவிட்டார். பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், தண்ணீரில் இருந்தும் சில குழிகள் காய்ந்து கிடந்தது ஏன் என்ற உங்கள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் எந்தத் தொட்டிக்கு இந்த முறை ஒத்துவரும், எதற்கு ஒத்துவராது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே வேலையைத்தான் கோகோபீட்டும் மண்ணும் செய்கின்றன. துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகள் குறுகக் குறுக நீர் அதிக உயரம் ஏறும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறும், விட்டம் 0.1 மில்லிமீட்டராகக் குறைந்தால் 30 சென்டிமீட்டர் ஏறும். பாடப்புத்தகத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்தது இதுதான். இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஆற்று மணலும் கல்லும் அதிகமாகக் கலந்த கலவையில் சந்துகள் பெரியவை என்பதால் நீர் சிறிது தூரம் ஏறி நின்றுவிடும், மேல்வேர்களுக்கு எட்டாது. கோகோபீட், மண்புழு உரம், செம்மண் கலந்த கலவையில் நன்றாக ஏறும். அடுத்தது, இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தாலும் நீர் அங்கேயே நின்றுவிடும். உங்கள் தட்டில் காய்ந்த குழிகளில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். நிரப்பும்போது கோகோபீட் அடித்துளைவரை இறங்காமல் நடுவில் தங்கியிருந்தால், துளைக்கும் கோகோபீட்டுக்கும் இடையில் ஒரு காற்று இடைவெளி இருக்கும். தண்ணீர் அந்த இடைவெளியைத் தாண்டி மேலே தாவாது. காய்ந்த ஒரு குழியின் அடியில் குச்சியால் குத்திப் பாருங்கள், வெற்றிடம் தட்டுப்படும்.

கோகோபீட் ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும் என்பதும் இதனோடு சேரும். காய்ந்த துகளின் மேல் நீர் முத்து முத்தாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் அடியிலிருந்து நீர் எளிதில் ஏறாது. ஆகவே தட்டில் நிரப்புவதற்கு முன்பே கோகோபீட்டை நனைத்துவிட வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் அதிகம், கசியாவிட்டால் குறைவு. குழியில் நிரப்பியபின் விரலால் மெல்ல அழுத்தி, முதல் தண்ணீரை மேலிருந்து கொடுத்து அடித்துளையில் சொட்டுவதைப் பார்த்துவிடுங்கள். மேலிருந்து கீழே ஒரு முறை வழி திறந்துவிட்டால், அதன்பின் கீழிருந்து மேலே அந்த வழியிலேயே நீர் ஏறும். முழுக்கக் காயும்வரை விடாமல், பாதி காய்ந்ததும் மறுபடி நனைப்பது நல்லது. இதற்குத் தட்டைக் கையால் தூக்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறில்லை. நனைந்த தட்டின் கனத்தை ஒரு முறை கையில் வாங்கிக்கொண்டால், மறுநாள் தூக்கும்போதே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும்.

நாற்று ஊறி மஞ்சளானதற்குப் பின்னாலும் இதே விதிதான் இருக்கிறது. வீட்டில் பாத்திரம் துலக்கும் புதிய பஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முழுக்கி, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் வைத்துச் சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். நின்றபின் அதே பஞ்சை நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மறுபடியும் நீர் சொட்டும். பஞ்சு மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, உயரம் மட்டும்தான் மாறியது. தொட்டியிலும் அப்படியே, வடிந்து முடிந்தபின்னும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவை. தொட்டியின் உயரம் அன்று. ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும், ஆனால் 4 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் வேர் ஓடும் இடத்தில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். குழித்தட்டு நாற்றுக்கு அதிக நீர் ஆபத்தாவது இதனால்தான். தொட்டியின் அடியில் கூழாங்கல் அல்லது ஓட்டுச்சில்லைக் கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் தேங்கும் நீர் அந்தக் கல் அடுக்குக்கு மேலே ஏறி நின்றுகொள்ளும், வேருக்கான இடம்தான் குறையும். அடியிலிருந்து நீர் கொடுக்க நினைக்கும் தொட்டியில் கல் அடுக்கு கூடவே கூடாது. துளையை ஒரு துண்டு நிழல்வலையால் மூடினால் மண் கொட்டாது, நீர் ஏறுவதும் தடைப்படாது.


அடையாறு வெயில் (சென்னை):

தங்கையின் கேள்வியில் டிடிஎஸ் 1,000 என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. அடிநீர் முறையை மூன்று ஆண்டுகள் எல்லாத் தொட்டிகளுக்கும் பயன்படுத்தி, அதன் கெடுதலையும் கண்ணால் பார்த்தவள் நான்.

மேலிருந்து ஊற்றும்போது நீரின் ஒரு பகுதி அடித்துளை வழியே வெளியேறுகிறது. போகும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுபோகிறது. அடியிலிருந்து கொடுக்கும்போது நீர் மேலே ஏறி, மேற்பரப்பில் ஆவியாகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ் 1,000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கரைந்த உப்புகள். ஆறு அங்குலத் தொட்டி நாளொன்றுக்கு 300 மில்லி உறிஞ்சினால் மாதத்துக்கு 9 லிட்டர், அதாவது 9 கிராம். அதில் ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பை ஒரு சிறிய தொட்டிக்குள் மாதாமாதம் நாமே கொட்டுவதற்கு அது சமம். என் தொட்டிகளில் இரண்டாம் மாதம் மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது. சுட்டமண் சட்டிகளின் வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போலப் பூத்துவிட்டது. அதன்பின் புதினாவின் இலைநுனிகள் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தட்டில் இன்னும் ஊற்றினேன்; கருகல் கூடியது. ஒரு நாள் அந்த ஏட்டைச் சுரண்டி எடுத்து நுனிநாக்கில் வைத்தபோதுதான் உவர்ப்பும் கசப்பும் தெரிந்து, காரணமும் புரிந்தது.

ஆகவே நாற்றுக்கு இந்த முறை நல்லது என்று சொல்பவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். தக்காளி நாற்று 25 நாட்களும் கத்தரி 30 முதல் 35 நாட்களும் மிளகாய் 35 முதல் 40 நாட்களும்தான் தட்டில் இருக்கப்போகின்றன. அதற்குள் கேடு செய்யும் அளவுக்கு உப்பு சேராது. மாதக்கணக்கில் நிற்கும் தொட்டிச் செடிக்கு மட்டும் மாதம் ஒரு முறையாவது மேலிருந்து நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். வடிந்த நீர் மறுபடி உறிஞ்சப்படாதபடி அடித்தட்டை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். வெள்ளை ஏடு கண்ணுக்குத் தெரிந்தால், கழுவுவதற்கு முன் மேல்மண்ணை ஒரு சென்டிமீட்டர் சுரண்டி எறிந்துவிடுங்கள். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. அந்த மாதங்களில் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைப்பதையே நிறுத்திவிடுகிறேன்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேமித்து இதற்குப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. வீடு கழுவப் பயன்படுத்துங்கள், நாற்றுக்கு வேண்டாம். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. மழைநீர் இல்லாத மாதங்களில் நாற்றுத் தட்டுக்கு நான் அதைத்தான் பிடித்து வைக்கிறேன். இரவில் ஒரு வாளி நிறைந்துவிடும்.

கொசுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் அதையும் சேர்க்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீர் நிற்கும் சிறு கலங்களைத் தேடி வருவது. தண்ணீரில் நேராக அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் பக்கச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடுகிறது. தட்டைக் கவிழ்த்துக் காயவைத்தால் மட்டும் போதாது. அந்த முட்டைகள் ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் தட்டின் ஓரங்களை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அரை மணி நேரத்துக்குமேல் தண்ணீரைத் தட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பதைச் செடிக்காக மட்டுமல்லாமல், வீட்டில் உள்ள குழந்தைகளுக்காகவும் கடைப்பிடிக்க வேண்டும்.


வைகைக்கரை மாடி (மதுரை):

அண்ணா, ஐயா, அக்கா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காய்ந்த குழிகளின் அடியில் குச்சி விட்டுப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே ஐந்து குழிகளில் வெற்றிடம் இருந்தது. நோய் வந்த தக்காளித் தட்டைத் தனியே பிரித்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. செடிகள் வளர்ந்தபின் ஓரடிக்கு ஓரடி வளர்ப்புப் பைகளுக்கு மாற்றுவேன். நனைந்த பையைத் தூக்கித் தண்ணீரில் வைக்க என்னால் முடியாது. அடுத்து, மாதத்தில் நான்கைந்து நாட்கள் மகள் வீட்டுக்குச் செல்ல வேண்டியிருக்கும். அந்த நாட்களில் யாரும் இல்லாமல் தானே அடியிலிருந்து நீர் கிடைக்க வழி உண்டா?


காவிரிக்கரை (கும்பகோணம்):

இரண்டு ஐயங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பெரிய பைகளுக்கு அடிநீர் முறை தேவையே இல்லை. வேர் ஆழமாக இறங்கிவிட்ட செடிக்கு மேலே ஊற்றுவதால் நாற்றழுகல் வராது; உப்பும் கழுவப்படும். தண்டைவிட்டு நான்கு விரற்கடை தள்ளி ஊற்றினால் போதும். மேல்மண் காயாமல் இருக்கவும் தண்ணீரை மிச்சப்படுத்தவும் விரும்பினால், மெருகு பூசாத சிறிய மண்கலயம் ஒன்றைப் பையின் நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். மரக்கன்றுகளுக்குப் பானை வைத்து நீர் கொடுப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். மண் காயக் காயக் கலயத்தின் சுவர் வழியே நீர் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். உங்கள் கிணற்று நீரில் கலயத்தின் நுண்துளைகள் நாளடைவில் உப்பால் அடைபடும் என்பதால், பயிர் முடிந்ததும் வெளியே எடுத்து நல்ல நீரில் ஊறவைத்துத் தேய்த்து மறுபடி புதையுங்கள். மூடி இல்லாமல் மட்டும் விடாதீர்கள். கொசுவைப் பற்றி மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

ஊருக்குச் செல்லும் நாட்களுக்குத் திரி முறை உதவும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நீர் நிரப்பி, மூடியில் ஒரு துளையிட்டு, அதன் வழியே நைலான் கயிற்றின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைத் தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலமும் செலுத்தி, தொட்டியை மூடியின் மேல் உட்கார வைக்க வேண்டும். பருத்தித் துணித் திரி நன்றாகவே உறிஞ்சும், ஆனால் சில வாரங்களில் மண்ணுக்குள் மக்கி அறுந்துவிடும், நைலான் மக்காது. திரியை முழுவதும் நனைத்த பிறகே பொருத்துங்கள், மண்ணையும் அன்று ஒரு முறை மேலிருந்து நனைத்துவிடுங்கள். புறப்படும் நாளில் பொருத்தாமல் இரண்டு நாள் முன்னதாகவே பொருத்தி, டப்பாவில் நீர் குறைகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். முதன்முறை நான் அப்படிப் பார்க்காமல் போய், திரும்பி வந்தபோது டப்பா நிறைந்திருக்க மேலே செடி காய்ந்து நின்றது. கயிற்றின் முனை மண்ணைத் தொடாமல் துளையிலேயே மடங்கிக்கொண்டிருந்தது.


வைகைக்கரை மாடி (மதுரை):

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லாருடைய யோசனைகளையும் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

தட்டுகளைச் செங்கல்லின் மேல் வரிசையாகக் கட்டிய கம்பி வலைக்கு மாற்றினேன். காலை ஏழு மணிக்குமுன் ஒவ்வொரு தட்டாக, புதுத் தண்ணீரில் நனைத்தேன். மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் பத்து மணிக்கே கை வைக்க முடியாத சூட்டில் இருப்பதால், முந்தைய இரவே வாளியில் பிடித்து வைத்துக்கொண்டேன். முதல் நாள் தக்காளித் தட்டின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் நிமிடத்தில் ஓரக் குழிகளில் கருமை தெரிந்தது, பன்னிரண்டாம் நிமிடத்தில் தட்டு முழுவதும் நிறம் மாறிவிட்டது. நன்றாகக் காய்ந்திருந்த கத்தரித் தட்டுக்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. இப்போது தட்டைத் தூக்கினாலே கை சொல்லிவிடுகிறது; ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நனைக்கிறேன்.

தக்காளியில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி இன்னும் ஆறு நாற்றுகள் போயின, அதன்பின் ஒன்றும் சாயவில்லை. கத்தரியில் மூன்று போயின. மிளகாயில் மஞ்சளான விதையிலைகள் மஞ்சளாகவே உதிர்ந்தன, ஆனால் அதற்குமேல் வந்த இலைகள் நல்ல பச்சை. உரம் விட வேண்டிய கட்டத்தில் பஞ்சகவ்யத்தைத் தாம்பாளத் தண்ணீரில் கலந்து பார்த்தேன். அரை மணியில் ஈ மொய்த்தது, தட்டின் அடியில் கொழகொழவென்று படிந்தது. அதை நிறுத்திவிட்டு, லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து துணியில் வடிகட்டி, காலை வேளையில் மேலிருந்தே தெளித்தேன்.

தக்காளி நாற்று நடவுக்குத் தயாராகிவிட்டது. நடுவதற்கு முன் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். குழியிலிருந்து எடுக்கும்போது ஈரம் இல்லாவிட்டால் வேர்க்கட்டி உதிர்ந்துவிடாதா?


நிழல்வலை (ராயக்கோட்டை):

நல்ல செய்தி அம்மா. இரண்டும் செய்ய வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நனைக்கும் இடைவெளியை நீட்டி, இலை சற்றுத் துவளத் தொடங்கும்போது மட்டும் நீர் காட்டி, நிழலிலிருந்து வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள். நடும் அன்று மட்டும், வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் தட்டைத் தண்ணீரில் வைத்து நிறம் மாறும்வரை முழுவதும் உறிஞ்ச விட்டு, வடிந்தபின் குழியின் அடியை விரலால் அழுத்தினால் வேர்க்கட்டி உடையாமல் மேலே வந்துவிடும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மாலை நான்கு மணிக்குமேல் நட்டு, நட்டதும் மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர்க்கட்டிக்கும் புதுமண்ணுக்கும் இடையில் வெற்றிடம் இல்லாமல் மண் அமர வேண்டும்.